பழைய எஞ்சினில் எண்ணெய்க் கசிவும் மூச்சுக்குழாயும்

பழைய மோட்டார் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள் காணப்படின், ஆயில் சீல் தேய்ந்துவிட்டதெனத் தீர்மானித்து எஞ்சினை இறக்கிப் பிரிப்பது பெருவழக்கமாய் இருக்கிறது. பணம் செலவான பின்னரும் சில மாதங்களில் கசிவு திரும்புவதுண்டு. பல சமயங்களில் குற்றம் சீலில் இல்லை. எஞ்சினின் அடிப்பாகம் மூச்சுவிட வழியின்றி அடைபட்டிருப்பதே காரணமாகும்.

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயுவில் ஒரு சிறு பங்கு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. புது எஞ்சினிலும் இதனை முற்றும் தடுத்தல் இயலாது. வளையமும் சிலிண்டரும் தேயத் தேய இது மிகும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 2000 சுற்றுச் சுழன்றால், அந்த நிமிஷத்தில் 4000 முறை எரிதல் நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் அற்பமாய் இறங்கும் வாயு வெளியேற வழியில்லையெனில், அழுத்தம் சேர்ந்து, எண்ணெயைப் பாக்கிங்குகளின் ஓரமாகவும் கிராங்க் தண்டின் முனைகள் வழியாகவும் வெளியே தள்ளிவிடும்.

2014ஆம் வருஷம் வரை உற்பத்தியான அம்பாஸிடர் வண்டிகளில் நெடுங்காலம் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் இதற்குத் தக்க உதாரணம். அதன் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டப்பட்ட திருகுவரியே, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. உள்ளழுத்தம் மிகுந்தால் அவ்வரி தோற்றுப்போகும். எண்ணெய் கிளட்சை நனைத்து வழுக்கச் செய்யும்.

இத்தகைய எஞ்சின்களில் மூச்சுக்குழாயின் வாய் வண்டியின் அடியில் திறந்திருக்கும். வேகமாய் ஓடுகையில் அடியில் பாயும் காற்று, குழாயினின்று வாயுவை உறிஞ்சும். சென்னை தரமணியில், ராஜீவ் காந்தி சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அவ்வுதவி கிட்டாது. சிறு தூரமே ஓடினால் எஞ்சின் நன்கு சூடேறுவதுமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாய் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கிக் குளிர்ந்து, எண்ணெயோடு கலந்து வெண்களிம்பாகிக் குழாயை அடைக்கிறது. கலிபோர்னியாவில் காற்று மாசைக் குறைக்கும் பொருட்டு, 1961ஆம் வருஷ மாடல் முதல் புதிய கார்களில் இவ்வாயுவை எஞ்சினே உறிஞ்சி எரிக்கும் வால்வு பொருத்தலாயிற்று. அவ்வால்வு அடைபட்டாலும் இதே தீங்கு விளையும்.

வயலில் மெதுவாய் உழும் பழைய டிராக்டருக்கும், நின்ற இடத்திலேயே ஓடும் டீசல் பம்பு எஞ்சினுக்கும் ஓட்டக் காற்றின் உதவி இல்லை. ஆகையால் குழாய் துப்புரவாய் இருத்தல் அவற்றிற்கு இன்னும் அவசியம். நெடுநாள் நிறுத்திவைத்த எஞ்சினின் குழாயில் குளவி மண்கூடு கட்டுவதுமுண்டு.

கசிவு கண்டவுடன் குடியானவர்கள் செய்யத்தக்கது பின்வருமாறு: எஞ்சினை மெதுவாய் ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின்மேல் மெல்லிய காகிதத்தைப் பிடிக்கவேண்டும். காகிதம் பலமாய் மேலே தள்ளப்பட்டால் உள்ளே அழுத்தம் மிகுதி என்று அறியலாம். உடனே எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் மூச்சுக்குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தி, அதனையும் மூடியின் கம்பிவலையையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி மாட்டவேண்டும். வெடித்த ரப்பர்க் குழாயை மாற்றவேண்டும். பின்னரும் காகிதம் அவ்வாறே தள்ளப்பட்டால் வளையங்கள் தேய்ந்தன எனக் கொண்டு, அப்போது எஞ்சினைப் பிரிக்கலாம். குழாயில் எண்ணெய்ப்புகை வருகிறதென்று துணியால் அடைப்பது மட்டும் ஒருபோதும் கூடாது.