தையற்கடையும் நியாயமான இலாபமும்

நம் பங்குகளில் ஒரு தையல் இயந்திரத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல உள்ளன. கன்னியர் நடத்தும் தையற் பள்ளியில் பயின்ற பெண்கள் வீட்டுத் திண்ணையிலோ தெருமுனையிலோ சிறு கடை வைத்து, அதன் வருவாயில் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். இரவு பகலாக உழைத்தும் மாத முடிவில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பதே இவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை. உழைப்பில் குறைவில்லை, குறைவு கணக்கில் இருக்கிறது.

இலாபம் என்ற சொல்லைக் கேட்டதும் நல்ல கிறிஸ்தவர் சிலர் கூசுகின்றனர். இத்தாலி நாட்டுக் கிரமோனா நகரில் வாழ்ந்த புனித ஓமோபோனோ, தையற்காரரும் துணி வணிகருமாய் இருந்த இல்லறத்தார். 1197-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் திருப்பலியின்போது உயிர் நீத்தார். 1199-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னோசென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். நேர்மையாய் ஈட்டி ஏழைகளுக்கு வாரி வழங்கியவர் அவர். ஈட்டாதவர் எதை வழங்குவார்?

கோபுரம் கட்ட எண்ணுபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவரின் போதனை. நாமும் கணக்கிடுவோம். லைனிங் வைத்த ரவிக்கைக்குக் கூலி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லைனிங் துணி, நூல், கொக்கிக்கு 50 ரூபாய். ஹெம்மிங் செய்து கொக்கி வைப்பவருக்கு 30 ரூபாய். எஞ்சுவது 120. கடை வாடகை, மின்சாரம், இயந்திரப் பழுது ஆகியவற்றுக்கு மாதம் 4,000 ரூபாய். மாதம் 100 ரவிக்கை தைத்தால் ஒன்றுக்கு 40 ரூபாய் இதற்கே போய்விடும். கையில் நிற்பது 80 ரூபாய், மாதத்துக்கு 8,000. ஒரு ரவிக்கைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்குமாயின், ஒரு மணி நேர உழைப்பின் விலை வெறும் 40 ரூபாய்!

இப்போது கூலியை 20 ரூபாய் உயர்த்திப் பாருங்கள். வாடிக்கையாளருக்குக் கூடுவது பத்தில் ஒரு பங்கு. தைப்பவரின் வருவாயோ 8,000-இலிருந்து 10,000 ஆகிறது. அதாவது நான்கில் ஒரு பங்கு உயர்வு. தைத்துக் கொடுப்பது செம்மையாயிருந்தால், இவ்வுயர்வுக்காகக் கடையை மாற்றுவோர் மிகச் சிலரே. உறவினர், அயலார் என்று இலவசமாகச் செய்து தரும் சிறு பிரித்துத் தையல்களுக்கும் ஒரு கூலி வேண்டும். தானம் செய்ய விரும்பினால் அறிந்தே செய்வோம். அறியாமல் இழப்பது தானமாகாது.

அடுத்தது வாக்கு. புதுநன்மை வாங்கும் சிறுமியின் வெள்ளையுடை மறுநாள் கிடைத்துப் பயனென்ன? ஒரு வாரத்தில் எத்தனை உருப்படி தைக்க முடியும் என்பதை அளவு நோட்டின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கை நிறைந்ததும், கிறிஸ்துமஸ் காலமானாலும், பணிவோடு மறுத்துவிடுங்கள். பாதி முன்பணம் பெறுவது முறை. வேலை குறைந்த மாதங்களில் பள்ளிச் சீருடை, புடவைக்கு ஃபால்ஸ், தலையணை உறை எனத் தேடிப் பெறலாம்.

கடனில் எச்சரிக்கை தேவை. ஈடின்றிச் சிறு கடன் தரும் முத்ரா திட்டம் 2015-இல் தொடங்கிற்று. சிறு தொழில்களைப் பதிவு செய்யும் உத்யம் பதிவு 2020-இல் வந்தது. அதற்குக் கட்டணமில்லை, தரகருக்குப் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். கைக்கு மீறிய வேலை தொடர்ந்து வரும்போது ஓவர்லாக் இயந்திரம் வாங்கக் கடன் பெறுவது தகும். கடையை அலங்கரிக்கக் கடன் தகாது.

இறுதியாக, நமக்குத் துணை நிற்போரை மறவாதிருப்போம். ஹெம்மிங் செய்யும் ஏழைப் பெண்ணின் கூலியைக் குறைத்துச் சேர்ப்பது இலாபமன்று. உழைப்பாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் போதுமான கூலி நீதியின் கடன் எனத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே கற்பித்தார். சனிக்கிழமை மாலை அவர் கூலியைத் தீர்த்துவிட்டு, ஞாயிறன்று இயந்திரத்துக்கு ஓய்வு கொடுங்கள். தச்சுப் பட்டறையில் குடும்பம் காத்த புனித சூசையப்பர் நம் தொழிலையும் காப்பாராக!