ஜாப் கார்டில் ஏறாத பழுது

காவிரிப் பாசனத்தில் ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள். தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் குறுவைக்குச் சேறடிக்க ஊரே ஒரே வாரத்தில் வயலில் இறங்கும். வாங்கி நான்கு மாதமே ஆன ஒரு டிராக்டர் அந்த வாரத்தில் ஹைட்ராலிக் தூக்காமல் கொட்டகையில் நின்றால், சொந்தக்காரர் வாடகை வண்டிக்கு அலைய வேண்டும். இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணி நேரம், எது முந்துகிறதோ அதுவரை என்று வாரன்டி புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். வேலை கெட்டதால் வரும் நட்டத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பதும் பெரும்பாலும் அதே புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடன் தவணை மட்டும் தேதி பார்த்து வந்துவிடும்.

தமிழ்நாட்டில் டிராக்டர் ஓடுவது மாவட்டங்களில். அதைப் பற்றிய முடிவுகளில் பல சென்னையில் எடுக்கப்படுகின்றன. 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் தலைமையகம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அரசின் வேளாண் பொறியியல் துறை நந்தனத்திலிருந்து இயங்குகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் தரமணியில். பழுதான வண்டியை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இந்த நகரம் என்ன செய்ய முடியும் என்று கேட்க, தரமணியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பழுது.

வழக்கு நடப்பது நுகர்வோர் ஆணையத்தில்தான். ஆனால் அதன் போக்கு டீலரின் ஒர்க்‌ஷாப்பில், முதல் ஜாப் கார்டிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தினால் பத்து நிமிடத்தில் தானாக இறங்கிவிடுகிறது என்று விவசாயி சொல்வார். கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று ஏறும். ஒரு ஓ-ரிங்கை மாற்றி, ஆயில் ஊற்றி அனுப்புவார்கள். அடுத்த மாதம் அதே கோளாறு, மறுபடி ‘ஜெனரல் செக்கப்’. கடைசியில் ஆணையத்துக்குப் போனால், கம்பெனி வக்கீல் அந்தக் கார்டுகளையே எடுத்து வைப்பார். வழக்கமான சர்வீஸ்தான் நடந்திருக்கிறது, பழுது என்று எங்கும் பதிவில்லை என்பார். தாளில் இருப்பதைப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

மெக்கானிக் பைக்கில் வயலுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. அவசரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த வருகைக்குத் தாளே இருக்காது. அதனால் எத்தனை சின்ன வேலையானாலும் ஜாப் கார்டு கேளுங்கள். கோளாறை நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதச் சொல்லுங்கள். ஹவர் மீட்டர் எத்தனை காட்டியது, வண்டி என்றைக்கு உள்ளே போனது, என்றைக்கு வெளியே வந்தது, எந்தப் பாகம் மாறியது என்பதெல்லாம் அதில் வேண்டும். எழுத மறுத்தால் அன்றைக்கே கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹவர் மீட்டரும் கோளாறும் தெரியும்படி போனில் ஒரு வீடியோ எடுத்து, டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியோடு பதிவாகிவிடும்.

“அண்ணே, நீங்க கேஜ் வீல் போட்டு ஓட்டினீங்க, அதான்” என்ற பதில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் தயாராக இருக்கிறது. டீசல் சரியில்லை, டிரைவர் கிளட்ச் மேலேயே கால் வைத்திருந்தார், வெளி ஆயில் ஊற்றினீர்கள் என்பவை மற்ற பதில்கள். சில நேரம் அவை உண்மையும்கூட. எது உண்மை என்பதைக் கழற்றிய பாகமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கிளட்ச் பிளேட் காய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் ஓட்டியவர் பக்கம் சந்தேகம் போவது நியாயம். பிளேட் ஆயிலில் ஊறியிருந்தால் கதை வேறு. இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலோ கியர் பாக்ஸ் பக்கத்துச் சீலோ கசிந்திருக்கிறது. ஓட்டியவரின் காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன் அச்சில் சேறு புகுந்து பேரிங் போவதும் அப்படித்தான். ஒருமுறை போனால் சீல் பழுதாக இருக்கலாம். புது சீல் போட்டும் அதே பக்கம் திரும்பத் திரும்பப் போனால், சீல் உட்காரும் இடத்தின் அளவையே சரிபார்க்க வேண்டும். அதனால்தான் கழற்றிய பாகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். வாரன்டியில் மாற்றிய பழைய பாகத்தைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம். அது போய்விட்டால் சாட்சியும் போய்விட்டது.

டயர், பேட்டரி, டீசல் பம்ப் போன்றவற்றுக்கு அவற்றைச் செய்த நிறுவனங்களே தனி வாரன்டி தருவதுண்டு. டீலர் அங்கே போகச் சொல்வார், அவர்கள் டீலரிடம் திருப்பி அனுப்புவார்கள். பில் போட்டு விற்றவர் டீலர். அவர் கையில் எழுத்துப் புகாரைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போக வேண்டும்.

ஆணையத்துக்குப் போனால் முதல் ஆட்சேபம், ‘வண்டியை வாடகைக்கு விடுகிறார், இது வணிகம், இவர் நுகர்வோரே அல்ல’ என்பதாக இருக்கும். இதற்கான பதில் நம் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில் கிடைத்தது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை வரைந்தது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார். ஆனால் பிழைப்புக்காகத் தானே ஓட்டப் பொருள் வாங்குபவர் நுகர்வோர்தான், ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு விளக்கியது. சொந்த நிலத்தை உழுதுவிட்டு, மிச்ச நாளில் பக்கத்து வயலையும் தானே உழுபவர் இந்த விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். முழுக்க ஆள் வைத்துப் பல வண்டி ஓட்டுபவருக்கு அது கடினம்.

வண்டியையே மாற்றித் தர வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. 2006-ல் மாருதி எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், வாரன்டி பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு இரண்டாண்டு முன்பு ஜோஸ் பிலிப் மாம்பிள்ளில் வழக்கில், பழுதான காரைப் புதியது என்று விற்றதையும், பழுதை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியதையும் அதே நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. இரண்டும் கார் வழக்குகள். டிராக்டருக்கும் இவற்றைத்தான் காட்டுகிறார்கள். மாற்று வண்டியை மட்டும் கேட்டு மனுப் போடுபவர் வெறுங்கையோடு திரும்பும் ஆபத்து இருக்கிறது. பழுதை நீக்குவது, பாகம் மாற்றுவது, பணம் திருப்புவது, நின்ற நாட்களுக்கு இழப்பீடு என்று ஒன்றுக்கு அடுத்ததாக எல்லாவற்றையும் கேட்க வேண்டும். டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்தரப்பாக்க வேண்டும்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘பொருள் பொறுப்பு’ என்று புதிய அத்தியாயம் வந்ததைப் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். பிரேக் பிடிக்காமல் டிராக்டர் கவிழ்ந்து ஆளுக்குக் காயம் பட்டால் அது உதவும். பொருளுக்கே வந்த கேட்டையும் வணிக, பொருளாதார நட்டத்தையும் அந்த அத்தியாயத்தின் கணக்கிலிருந்து சட்டம் விலக்கியிருக்கிறது. கொட்டகையில் நிற்கும் வண்டிக்குப் பழைய பாதைதான்: குறைபாடுள்ள பொருள் என்ற சாதாரணப் புகார்.

அந்தப் பாதை மோசமில்லை. விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். பில்லில் ‘சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று இருந்தாலும், மன்னார்குடிக்காரர் தன் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டாண்டுக்குள் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வாரன்டி முடியட்டும் என்று காத்திருந்து பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். வழக்குக்கு முன்பு 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இடறும் இடம் சோதனை. பழுது ஆய்வில்தான் தெரியும் என்றால், ஆணையம் பொருளைத் தகுதியான ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். வழக்கு ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். இது சட்டத்தில் உள்ள கணக்கு. ஆனால் டிராக்டரைச் சோதிக்கும் பெரிய மையங்கள் மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும், தென்மாநிலங்களுக்காக ஆந்திரத்தின் கார்லதின்னேயிலும் இருக்கின்றன. அங்கே முதன்மையாகச் சோதிப்பது புது மாடல்களை. ஒரு மாடல் தேறியது என்பதால் நம் வீட்டுக்கு வந்த வண்டி சரியாகப் பூட்டப்பட்டது என்று ஆகாது. ஓடாத வண்டியை லாரியில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோக எந்த விவசாயியால் முடியும்? 2012-ல் நேஷனல் சீட்ஸ் வழக்கில், ஆய்வுக்காக விதையை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதே பரிவு டிராக்டர் ஆய்விலும் வேண்டும்.

டீலரையே நம்பி நிற்காமல் தாமே பழுதுபார்க்கும் உரிமை இன்னொரு வழி. அமெரிக்காவில் விவசாய இயந்திரங்களுக்கு அந்த உரிமையைத் தர 2023-ல் கொலராடோ மாநிலம் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் ஜான் டியர் நிறுவனத்தின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. இந்தியாவில் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, பழுதுபார்க்கும் உரிமைக்கு முதலில் எடுத்த நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதற்கான இணையதளம் வந்தது, சட்டம் இன்னும் வரவில்லை.

சட்டம் வரும்வரை தரமணி செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1916-ல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிய சென்ட்ரல் பாலிடெக்னிக் இங்கே இருக்கிறது. இயந்திரவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பெருங்குடி வளாகம் கூப்பிடு தூரம். விவசாயிகளோடு பல்லாண்டு பழகிய சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான். மூன்றும் சேர்ந்து ஒரு சிறு குழு அமைக்கலாம். மாவட்டங்களில் உள்ள அரசு பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு டிராக்டர் ஆய்வில் பயிற்சி தந்து, அவர்கள் பட்டியலை மாநில ஆணையத்திடம் கொடுக்கலாம். வண்டி நிற்கும் கொட்டகைக்கே ஆய்வாளர் போய், இரு தரப்பு முன்னிலையில் கழற்றிப் பார்த்து எழுதலாம். மனுவைத் தமிழில் எழுதித் தரச் சட்ட மாணவர்கள் போதும். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. வேளாண் பொறியியல் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் அடுத்த குறுவைக்குள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் தொடங்கிவிடலாம்.