விளக்கைக் குளிர வைத்தல்

சில மாதங்களுக்கு முன் ஒரு சொந்தக் காரியமாக இராயக்கோட்டைக்குப் போய் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பொழுது விடியுமுன்பே ஓசூருக்குப் பஸ் ஏறினோம். மார்கழி மாதம். ஓசூர்ப் பக்கத்துக் குளிரைப் பற்றிச் சென்னைவாசிகளிடம் சொன்னால், நாம் ஏதோ சீமைக்குப் போய் வந்த பெருமையைப் பேசுவதாக நினைப்பார்கள். ஆகையால் அதை விட்டுவிடுகிறோம். கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடித்ததும் உள் விளக்குகளை அணைத்துவிட்டார். பிரயாணிகள் யாவரும் போர்வைக்குள் புகுந்துகொண்டார்கள்.

உத்தனப்பள்ளியில் பஸ் நின்றது. இரவு வேலை முடிந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். ஒருத்தி தமிழ் பேசினாள், ஒருத்தி தெலுங்கு, இருவர் கன்னடம், பின்னால் உட்கார்ந்தவர்கள் ஹிந்தி போன்ற ஒரு பாஷையில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் பேச்சு அடங்கிற்று. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மற்றவர்கள் செல்போனை எடுத்தார்கள். அப்போதுதான் நாம் கவனித்தோம். இருட்டில் ஒவ்வொரு திரையாகப் பளீர் பளீர் என்று விழிப்பதும், பட்டென்று அணைவதும், நம் கண்ணில் யாரோ கண்ணாடித் துண்டைக் காட்டி விளையாடுவது போலிருந்தது. நமக்கு முன் ஸீட்டில் இருந்த பெண் மட்டும் துப்பட்டாவின் தலைப்பைத் திரையின்மேல் போட்டு, அதற்குப் பின்னால்தான் பொத்தானை அழுத்தினாள். ஏன் என்று கேட்டோம்.

"அக்கா தூங்கறாங்க சார். திடீர்னு வெளிச்சம் பட்டா எழுந்துக்குவாங்க" என்று பக்கத்துப் பெண்ணைக் காட்டினாள்.

நம் தமிழ்நாட்டில் விளக்கை 'அணைப்பது' என்று பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். குளிர வைப்பது என்பார்கள். அல்லது மலையேற்றுவது என்பார்கள். வாயால் ஊதக் கூடாது. பூவைக் கொண்டோ பால் துளியைக் கொண்டோ சுடரை அமர்த்த வேண்டும். இதை வெறும் சாஸ்திரம் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் எண்ணெய் விளக்கின் திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்த வீட்டில் குழந்தை திடுக்கிட்டு விழித்ததில்லை என்பதும் வாஸ்தவம்தானே? அந்தப் பக்குவத்தைத்தான் இன்றைக்குக் கைப்பேசித் திரைக்குப் பழக்கிக் கொடுக்க உலகமெங்கும் யந்திர நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் திரை எரிகிறது, மறுபடி அழுத்தினால் அணைகிறது. இதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

தூங்கும் கைப்பேசி உண்மையிலேயே தூங்குகிறது. அதன் மூளையாகிய சில்லு, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஏறக்குறைய முழுதும் நின்றுவிடுகிறது. ஞாபகம் மட்டும் விட்டுப் போகாமல் இருக்கும். பொத்தானை அழுத்தியதும் அந்தச் சில்லு விழிக்க வேண்டும். திரைக்கு மின்சாரம் போக வேண்டும். திரைக்கு உரிய ஆரம்பக் கட்டளைகளை வரிசையாக அனுப்ப வேண்டும். மணி, தேதி, வந்த செய்திகள் எல்லாம் கொண்ட படத்தை வரைய வேண்டும். கடைசியில்தான் வெளிச்சம் வர வேண்டும். வரிசை தவறி வெளிச்சம் முந்திக்கொண்டால் வெறும் வெள்ளைப் பளிச்சோ, பழைய படமோ கண்ணில் அடிக்கும். நாடகக் கொட்டகையில் ராஜபார்ட் வேஷம் கட்டி முடிப்பதற்குள் திரையைத் தூக்கிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான். ஆகவே ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் நிரலில் ஒரு காவல்காரனை நிறுத்தியிருக்கிறார்கள். முதல் படம் தயாராகிவிட்டது என்று தகவல் வரும் வரையில் அவன் திரையைக் கறுப்பாகவே வைத்திருப்பான்.

அணையும்போது நடப்பது இன்னும் வேடிக்கை. பொத்தானை அழுத்திய க்ஷணத்தில் திரையிலுள்ளதை அப்படியே ஒரு படம் பிடித்துக்கொள்கிறது கைப்பேசி. பிறகு நம் கண் முன் மங்கி மறைவது அந்தப் படம்தான். நாம் வாசித்துக்கொண்டிருந்த உண்மையான பக்கம் அதற்குப் பின்னால் படுக்கப் போய்விடுகிறது! ஆண்ட்ராய்டு நிரலில் இந்த மறைவுக்கு வைத்திருக்கும் காலம் 400 மில்லி விநாடி, விழிப்புக்கு 250. அதாவது எழுவது சீக்கிரம், அடங்குவது நிதானம். இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, நல்ல குடும்பத்தில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

2010 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 2.3 என்ற பதிப்பில் வேறு விதமான மறைவு இருந்தது. படம் மேலும் கீழும் நசுங்கி, ஒரு வெள்ளைக் கோடாகி, கோடு சுருங்கிக் காணாமல் போகும். 1975-இல் சென்னைத் தூரதர்சன் தொடங்கிய நாளிலிருந்து குழாய் டெலிவிஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டிகள் அப்படி அணைந்தது அழகுக்காக அல்ல. எலெக்ட்ரான் கற்றையைத் திரை முழுவதும் ஓட்டும் சக்தி முதலில் அடங்கிவிடும். குழாயில் மிஞ்சிய மின்சாரம் நடுவில் ஒரு புள்ளியாக நின்று மெல்லச் சாகும். ஜமீன்தார் கால் ஊனத்துக்காகத் தடி ஊன்றினால், அதைப் பார்த்து ஊர் மைனர்களெல்லாம் தடி வைத்துக்கொள்வது போல, பழைய பெட்டியின் குறையைப் புதிய கைப்பேசி அலங்காரமாக அணிந்துகொண்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, நிறம் வெளுத்து மங்கும் மறைவைக் கொண்டுவந்தார்கள். பழையதுதான் நன்றாயிருந்தது என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் மங்குவதிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. வெளிச்சத்தைச் சம பாகமாகக் குறைத்தால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. நூறு பங்கு வெளிச்சத்தில் பத்துப் பத்தாகக் குறைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். கடைசியில் பத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது குழியில் விழுந்தது போலிருக்கும். உப்பில்லாத குழம்பில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் உடனே நாக்குக்குத் தெரியும். ஏற்கெனவே உப்புள்ள குழம்பில் அதே சிட்டிகை தெரியாது. கண்ணும் அப்படியே. வெபர், ஃபெக்னர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து சொன்னார்கள். ஆகவே குறைப்பது விகிதத்தில் இருக்க வேண்டும்: 100, 80, 64, 51 என்று ஒவ்வொரு படியிலும் ஐந்தில் ஒரு பங்கு. அப்போதுதான் கண், 'மெல்ல இறங்கிற்று' என்று ஒப்புக்கொள்ளும். இந்தப் படிகளும் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். விநாடிக்கு 60 தடவை படம் மாற்றும் திரையில் 400 மில்லி விநாடிக்கு 24 படிகள் கிடைக்கும். 120 தடவை மாற்றுவதில் 48 கிடைக்கும். சில்லு சோம்பல் பட்டு இடையில் நாலு படியைத் தவறவிட்டால் திரை தடுக்கி விழுவது நமக்குத் தெரிந்துவிடும். விலை குறைந்த கைப்பேசிகளில் காணும் 'திக்கல்' அநேகமாக இதுதான்.

இருட்டறை விஷயம் தனி. இருளில் நம் கண் முழுப் பார்வை பெறச் சுமார் அரை மணி நேரம் பிடிக்கிறது. ஒரு பளிச்சு அந்த அரை மணியை ஒரு விநாடியில் பாழாக்கிவிடும். சுற்றுப்புற வெளிச்சத்தை அளக்கும் உணரி கைப்பேசியில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பல கைப்பேசிகளில் திரை தூங்கும்போது அதுவும் தூங்குகிறது. அது விழித்து, நிதானித்து, "இது இருட்டு ஐயா" என்று சொல்வதற்குள் திரை பகல் வெளிச்சத்தில் எரிந்து முடித்துவிடும். பஸ்ஸில் நாம் கண்ட பளீர்கள் பெரும்பாலும் அந்த வகை.

இனி உத்தனப்பள்ளிக்கு வருவோம். ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி இதே ஓசூர்ச் சீமையில்தான் இருக்கிறது. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே கேழ்வரகும் காய்கறியும் பூந்தோட்டமும்தான் பிரசித்தம். பிறகு ஓசூரில் லாரி வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் கைக்கடிகாரமும் வந்தது. 2020-இல் தோன்றிய டாட்டா எலெக்ட்ரானிக்ஸ், உத்தனப்பள்ளிக்கு அருகே ஆலை அமைத்து ஐபோனின் உலோகக் கூட்டைச் செய்யத் தொடங்கிற்று. பல்லாயிரம் பேருக்கு வேலை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் பெண்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பக்கங்களிலிருந்து பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் பயிற்சி பெற்றதாக மத்திய மந்திரி அசுவினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் கூறினார். பஸ்ஸின் பின்புறத்தில் நாம் கேட்ட பாஷை அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

கூடுதானே என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். கூட்டில்தான் பொத்தானுக்குத் துவாரம் இருக்கிறது. உலோகத்தைக் கணினி ஓட்டும் கடைசல் யந்திரத்தில் குடைந்து, மெருகிட்டு, ரசாயனத் தொட்டியில் தோய்த்து மேற்பரப்பை இறுகச் செய்து நிறம் ஏற்றுவது இந்தத் தொழிலின் வழக்கமான முறை. துவாரம் ஒரு மயிரிழை பெரிதானால் பொத்தான் ஆடும், சிறிதானால் சிக்கும். அழுத்தியதும் விரலுக்குக் கிடைக்கும் அந்த மெல்லிய 'டிக்' சுத்தமாக இல்லாவிட்டால், பின்னால் வரும் மறைவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பிரயோஜனமில்லை. திரையின் ஒளித்தகடு கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது. அது எத்தனை மில்லி விநாடியில் மங்க வேண்டும் என்பதைக் கலிபோர்னியாவில் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை விரலால் தொட்டு நிறைவேற்றும் இடம் நம் ஊரில் குடைந்த துவாரம்.

அந்த வேலை அபாயமில்லாத வேலையும் அல்ல. 2024 செப்டம்பர் 28-ஆம் தேதி அதிகாலையில் ஆலையில் ரசாயனப் பொருள்கள் இருந்த பகுதியில் தீப்பிடித்தது. வேலையிலிருந்தவர்களை வெளியேற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை, ஆயினும் புகையால் மூச்சுத் திணறிச் சிலர் சிகிச்சை பெற நேர்ந்தது. உற்பத்தி நின்று, பிறகு படிப்படியாகத் தொடங்கிற்று. விளக்கு மெல்ல அணைவதற்காக இராக் கண் விழிப்பவர்களுடைய தூக்கத்தைப் பற்றி யார் கணக்குப் போடுகிறார்கள் என்று நமக்கு அன்று முதல் ஒரு யோசனை உண்டு. விடுதியில் ஓர் அறையில் பலர் தங்குகிறார்கள். ஒருத்திக்கு இரவு முறை, இன்னொருத்திக்குக் காலை முறை. ஒருத்தி அலாரத்தை நிறுத்தத் தொடுகிற திரை மற்றவள் முகத்தில் அடிக்கிறது. துப்பட்டாத் தலைப்பைக் கண்டுபிடித்தது எந்த நிபுணரும் அல்ல!

நிபுணர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஐபோனில் 2017 முதலும், வேறு பல கைப்பேசிகளில் அதற்கு முன்பிருந்தும் ஓஎல்இடி திரை வந்திருக்கிறது. பழைய எல்சிடித் திரைக்குப் பின்னால் ஒரே விளக்குப் பலகை எரியும். படம் கறுப்பாயிருந்தாலும் பலகை எரிந்துகொண்டிருக்கும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தனி அகல். கறுப்பு என்றால் அந்த அகல் ஏற்றவே இல்லை என்று அர்த்தம். 2022-இல் வந்த ஐபோன் 14 புரோ ஒரு படி மேலே போய், அணையாமலே மங்கலாக மணி காட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது படத்தை விநாடிக்கு ஒரே தடவைதான் மாற்றுகிறது. விழிப்பும் தூக்கமும் இல்லாத இந்த யோகநித்திரை சிலருக்குப் பிடிக்கிறது. நமக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறோம். அமைப்புகளுக்குள் போய்த் தானாக ஒளி மாறும் வசதியை முடுக்கி வையுங்கள். பின்னணியைக் கறுப்பாக்குங்கள், ஓஎல்இடித் திரையாக இருந்தால் இதற்குப் பலன் அதிகம். ஆண்ட்ராய்டு 12 முதல் 'எக்ஸ்ட்ரா டிம்' என்று ஒன்று இருக்கிறது. ஐபோனில் 'ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்' என்று இருக்கிறது. இரண்டும் மிகக் குறைந்த ஒளியையும் இன்னும் கீழே இறக்கும். கையில் எடுத்தாலே திரை விழிக்கும் வசதியை இரவில் நிறுத்திவிடுங்கள். புரண்டு படுக்கும்போது கை பட்டுப் பளீரிடாது. திரை தானாக அணையும் காலத்தை 15 விநாடி என்று மிகவும் குறுக்க வேண்டாம். அணையுமுன் திரை சற்று மங்கி எச்சரிக்கும் அல்லவா? ஆண்ட்ராய்டில் பொதுவாக அது மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதிகபட்சம் ஏழு விநாடி. 15 விநாடிக்கு மூன்று விநாடிதான் மங்கல் கிடைக்கும். 30 வைத்தால் ஆறு கிடைக்கும். பொத்தானை அழுத்தாமல் அதன் போக்கில் விட்டால், திரி உள்ளே போவது போல இரண்டு கட்டமாக அடங்கும்.

நம் வீட்டில் இவ்வளவும் செய்து பார்த்தோம். பிள்ளைகள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். பாட்டியிடம் மட்டும் இந்த வித்தைகள் செல்லவில்லை. அவர் இரவு ஒன்பது மணிக்குத் தமது செல்போனைப் பாயின் தலைமாட்டில் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.