நெற்றியில் ஒரு விளக்கு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அப்போது நான் சிறுமி. திருநள்ளாற்றில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. காற்று சற்றே ஓய்ந்ததும், அடுத்த தெருப் பாட்டியைக் காணவில்லை என்று செய்தி வந்தது. அவருடைய கூரை வீடு சரிந்து கிடந்தது.

இரவில் வயலுக்குப் போவோர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்குகளுடன் அப்பாவும் சித்தப்பாவும் பிறரும் தேடினார்கள். வெளிச்சம் நிறைய இருந்தும் பாட்டி அகப்படவில்லை. அப்போது சித்தப்பா, “எல்லாரும் விளக்கை அணைச்சுட்டுப் பேசாம நில்லுங்க” என்றார். அந்த இருட்டில் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. பாட்டி பிழைத்தார்.

நெற்றி விளக்கின் பெருமை, இரு கைகளுக்கும் விடுதலை தருவது. மூங்கிலைத் தூக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் கைகள் வேண்டுமல்லவா? ஆனால் அதைப் பயன்படுத்தச் சில முறைகள் உண்டு.

முதலாவது, விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ள வேண்டும். எதிரில் நிற்பவர் கண்ணில் ஒளி பாய்ந்தால், அவர் கண் மீண்டும் இருளுக்கு நன்கு பழக அரை மணி நேரம்கூட ஆகலாம். மங்கலான சிவப்பு ஒளி அவ்வளவாகக் கண்ணைக் கெடுப்பதில்லை.

இரண்டாவது, மழையிலும் மூடுபனியிலும் நெற்றி ஒளி நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். அப்போது விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் வழி தெரியும். தரையோடு சாய்த்துப் பிடித்தால், நிழல் விழுந்து காலடித் தடமும் தெளிவாகும்.

மூன்றாவது, மாற்று பாட்டரி எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, அவ்வப்போது அணைத்துவிட்டுக் காது கொடுக்க வேண்டும். ஆபத்தில் இருப்பவரும் விளக்கால் அழைக்கலாம். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளி காட்டி, அடுத்த நிமிடம் நிறுத்தி, மீண்டும் காட்டுவது மலையேறுவோரின் அபாயக் குறி. நிமிடத்துக்கு மூன்று முறை காட்டுவது அதற்குப் பதில்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவரையும் பயிற்சியாளரையும் 2018 ஜூலை 2 அன்று இரண்டு பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒளியில் அவர்களைக் காணுமுன்பே வாடையால் உணர்ந்தார்களாம்!

ஆகவே தோழியரே, விளக்கு நம் கண்ணுக்குத் துணை. காதையும் கருத்தையும் நாம்தான் விழிப்பாக வைத்திருக்க வேண்டும். இன்றே வீட்டிலுள்ள விளக்கை எடுத்து, பாட்டரியைச் சோதித்துப் பாருங்கள். அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

— பத்தாம் வகுப்பு மாணவி