பாம்பின் உடற்சூடும் நமது பாதுகாப்பும்

மனிதரும் ஆடுமாடுகளும் உடலுக்கு வேண்டிய சூட்டைத் தமக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கின்றன. பாம்பு, ஓணான், உடும்பு, முதலை ஆகியவை வெயிலிலிருந்தும் சுடுமண்ணிலிருந்துமே சூட்டைப் பெறுகின்றன. முதலை காலையில் வாவிக்கரையில் வெயில் காய்வது இதற்காகவே. இவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்கிறோம்.

இவை சூடேறும் வேகத்தையும் ஆறும் வேகத்தையும் அளக்க முடியும். கம்பி போன்ற மெல்லிய வெப்பமானியை உடலினுள் வைத்து, பிராணியைச் சூடான கூட்டிலும் பின்னர் குளிர்ந்த கூட்டிலும் விட்டு, நிமிடத்துக்கு நிமிடம் வெப்பநிலையைக் குறிப்பார்கள். உடல் 25 பாகை செல்சியஸ், கூடு 35 பாகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 பாகை. பத்து நிமிடத்தில் உடல் 30 பாகைக்கு வந்தால் வித்தியாசம் பாதியாகிவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் மீதியில் பாதிதான் குறையும், உடல் 32.5 பாகைக்கு வரும். இந்தப் 'பாதியாகும் நேரமே' அளவுகோல். கோப்பைத் தேநீர் சீக்கிரம் ஆறும், பானைக் கஞ்சி ஆற நேரமெடுக்கும் அல்லவா? அதுபோல ஓணானுக்கு இந்நேரம் குறைவு, முதலைக்கு அதிகம்.

பார்த்தலோமியு, டக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் அவுஸ்திரேலிய ஓணான் வகையொன்றை அளந்து 1963இல் முடிவை வெளியிட்டனர். அது வேகமாகச் சூடேறி, மெதுவாகவே ஆறியது. சூடேறும்போது அதன் இதயம் விரைவாக அடித்தது. ஆறும்போது அடிப்புக் குறைந்தது. இரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து, பெற்ற சூட்டை அது காத்துக்கொள்கிறது.

பாசிக்குடா, கல்குடாப் பக்கத்தில் இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆகவே குளிர் இரத்தப் பிராணிதானே, இருட்டியதும் பாம்பு விறைத்துக் கிடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும். நிலத்தில் படுத்துறங்குவோரை அது கடிப்பதுண்டு; கடித்த இடம் வலிக்காமலும் இருக்கலாம். தற்காலிகக் கொட்டில்களில் வாழ்வோரும், பற்றை மண்டிய பழைய காணிக்குத் திரும்புவோரும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. முடிந்தால் கட்டிலில் படுங்கள். பாயில் படுத்தால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழே சுற்றிவரச் செருகுங்கள்.

2. நெல் மூட்டை, விறகு ஆகியவற்றைப் படுக்குமிடத்துக்குத் தள்ளி வையுங்கள். எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

3. இருட்டில் வெளிச்சமின்றி நடக்காதீர்கள்.

4. பாம்பு கடித்தால் வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், வலி இல்லாவிட்டாலும், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் கிடைக்கும்.