படகு போகவில்லை என்றால் தடைக்காலமா?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து சில வாரங்கள் சென்றிருந்தன. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், விசைப்படகில் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் தம் மகளுடன் எங்கள் மதரஸாவுக்கு வந்தார். அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. சட்டம் படிக்க விரும்புகிறவள். கையில் பழைய வினாத்தாள்கள் இருந்தன.

"ஹஜ்ரத், தர்க்கப் பகுதியில் எப்போதும் இரண்டு விடைகள் சரியாகத் தெரிகின்றன. நான் எடுப்பது தவறாகிவிடுகிறது" என்றாள்.

இராமநாதபுரத்தில் 2017இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரியில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். திருச்சியில் உள்ளது போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கோ, 2008 முதல் நடந்துவரும் 'கிளாட்' நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். 120 நிமிடங்களில் 120 வினாக்கள். அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தர்க்கம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். நான்கு வினாக்களில் தடுமாறினால், பாடுபட்டுப் பெற்ற ஒரு மதிப்பெண் போய்விடும்.

இப்பகுதியைக் கண்டு அஞ்சும் பெற்றோருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். இது நமக்குப் புதிய கலையன்று. மதரஸாக்களில் 'மன்திக்' என்ற பெயரில் கற்பிக்கப்படுவது இதுவேதான். கி.பி. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் அஸீருத்தீன் அல்அப்ஹரீ எழுதிய 'ஈஸாகூஜி' இதன் தொடக்க நூல். அதன் பெயரே கிரேக்கம். பொர்ஃபிரி என்பவரின் தர்க்க முன்னுரை நூலிலிருந்து வந்தது.

'இது இருந்தால் அது இருக்கும்' என்னும் வாக்கியத்தில் முன்பகுதியை 'முகத்தம்' என்றும், பின்பகுதியைத் 'தாலி' என்றும் சொல்வோம். (அரபுச் சொல்தான், வகுப்பில் ஆண்டுதோறும் சிரிப்பு எழத்தான் செய்கிறது.) இதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு, கதிரவன் உதித்தலும் பகல் இருத்தலும். அதில் ஒரு குறையுண்டு என்பது என் கருத்து. கதிரவன் இருந்தால் பகல். பகல் இருந்தால் கதிரவன். எப்பக்கம் திருப்பினாலும் சரியாகவே வருவதால், திருப்பக்கூடாத இடம் மாணவருக்குப் புலப்படுவதில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு அவள் வாப்பாவின் தொழிலையே எடுத்துக்கொண்டேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். தடைக்காலமாயின் விசைப்படகு கடலுக்குப் போகாது. இன்று தடைக்காலம் என்றால் படகு போகாது என முடிவு செய்யலாம். படகு முறைப்படி போயிருக்கிறது என்றால் தடைக்காலம் இல்லை என்றும் முடிவு செய்யலாம். படகு போகவில்லை என்று மட்டும் தெரிந்தால்?

"தடைக்காலம்" என்றாள் பிள்ளை.

வாப்பா சிரித்துவிட்டார். "நேற்று நாம் போகவில்லையே மகளே! புயல் எச்சரிக்கை இருக்கலாம், வேலைநிறுத்தம் இருக்கலாம், நாட்டுப்படகுக்குரிய நாளாக இருக்கலாம்."

பள்ளிக்கூடம் அதிகம் பாராத அவருக்கு அது உடனே விளங்கிற்று. தேர்வுத்தாளில் மாணவர்களை வீழ்த்தும் விடைகளுள் பெரும்பாலானவை இந்த வகையே. தடைக்காலம் இல்லை, ஆகவே படகு போயிருக்கும் என்பதும் அதே பிழை.

மற்றொன்று, உண்மை வேறு, முடிவு பொருந்துவது வேறு என்பது. 'மீன்கள் யாவும் பறக்கும். நெத்திலி ஒரு மீன். எனவே நெத்திலி பறக்கும்.' கடற்கரைப் பிள்ளை இதைத் தவறு என்று அடித்துவிடும். கூற்று பொய்தான், ஆனால் அதை ஒப்புக்கொண்டால் முடிவு தப்பாது. நாம் அறிந்ததைச் சற்றே ஒதுக்கி வைத்து, சொன்னதிலிருந்து மட்டும் முடிவு காண்பது பெரியவர்களுக்கும் கடினமே.

இப்போதைய தேர்வில் சில நூறு சொற்கள் கொண்ட பத்தியைக் கொடுத்து, வாதத்தைப் பலவீனமாக்குவது எது என்றும் வினவுகிறார்கள். 2025 ஏப்ரலில் பாம்பன் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் ஒரு கடைக்காரர், 'வியாபாரம் கூடியது, பாலமே காரணம்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் நீளத்தைப் பற்றிய விடை அவர் வாதத்தைத் தொடாது. கோடை விடுமுறையும் அப்போதுதான் தொடங்கியது என்னும் விடை அதை அசைத்துவிடும்.

வினாக்கள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன என்பதை மறைப்பதற்கில்லை. தமிழ்வழிப் பிள்ளைக்கு அது தனிச் சுமை. மன்திக் அதைத் தீர்க்காது. நாள்தோறும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தை வாசித்து, முடிவு எது, அதற்குச் சொன்ன காரணம் எது என்று தமிழிலேயே எழுதி வரச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் கொண்டுவந்தது தலையங்கமன்று, ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம். தேர்வில் வென்றவர்கள் பலர் தங்களிடம் பயின்றவர்களே. ஆகவே சேர்ந்தால் வெற்றி உறுதி என்று அதில் இருந்தது. வாப்பா கடன் வாங்கிக் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டிருந்தாராம்.

"ஹஜ்ரத், வென்றவர்களை மட்டும் சொல்கிறார்கள். அங்கே படித்துத் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று இதில் இல்லையே" என்றாள்.

வாப்பா அந்தத் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.