பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறினால் எல்லை வரை எத்தனை அதிசயம், தெரியுமா?

காலையில் பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு ரயிலேறினால், மாலைக்குள் தீபகற்ப மலேசியாவின் வடகோடி எல்லையைத் தொட்டுவிடலாம், தெரியுமா? அங்குள்ள கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பெர்லிஸ் மாநிலத்துப் பாடாங் பெசார் வரை இ.டி.எஸ். மின்ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம்தான்! அங்கிருந்து மலையேறினால் வாங் கெலியான் என்னும் எல்லைக் கிராமம். வழிநெடுக என்னென்ன இருக்கிறது என்று கேட்டால், அடுத்த பள்ளி விடுமுறைக்கே டிக்கெட் எடுத்துவிடுவீர்கள்.

ஏறும் இடமே ஒரு சரித்திரம், தெரியுமா?
1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடின. இனி மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்! சிலாங்கூரின் முதல் ரயில் 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடியது. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் எழுந்து, 1890-ல்தான் கிள்ளான் ஊருக்குள் ரயில் நுழைந்தது. தண்டவாள வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள்; அலுவலக வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். அவர்கள் குடியேறிய பேட்டை இது.

ரயில் ஏரிக்கு நடுவே போகும், தெரியுமா?
தைப்பிங் தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள். புக்கிட் மேரா ஏரி வரும். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச 1906-ல் உருவான ஏரி. இருபுறமும் நீர் மட்டுமே தெரிய, நம் ரயில் அதன் குறுக்கே பாய்ந்து போகும்!

நடுவழியில் கடாரத்தில் இறங்கலாம், தெரியுமா?
ஆம், ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பி வென்ற அதே கடாரம்! சுங்கை பட்டாணியில் இறங்கி, வண்டி பிடித்து மெர்போக் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் நிற்கிறது புக்கிட் பத்து பகாட் கோயில். மேற்கூரை கிடையாது, கல்லால் ஆன அடித்தளம் மட்டும்தான். கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். வரிசையாகத் தூண்களின் கல் பாதங்கள், அவற்றின் நடுவே குழிகள். அந்தக் குழிகளில் மரத்தூண்கள் நின்றன. அவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. படியேறினால் மண்டபம், அதையடுத்து விமானம். நம்மூர்க் கோயில் அமைப்பேதான்! இன்னொரு வியப்பு: போருக்கு முன் சோழநாடும் கடாரமும் நட்பாக இருந்தன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்ப, ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான்.

ஒரே நிலையத்தில் இரண்டு நாடு, தெரியுமா?
பாடாங் பெசார் நிலையத்தில் மலேசியக் குடிநுழைவு அதிகாரிகளும் தாய்லாந்து அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் முத்திரை குத்துகிறார்கள்! எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.

மலைக்குள்ளே நடைபாதை, தெரியுமா?
காக்கி புக்கிட் ஊரில் குவா கெலாம் குகை. பெயருக்கே இருண்ட குகை என்றுதான் பொருள். ஒரு காலத்தில் வெள்ளீயம் எடுத்த இடம். 370 மீட்டர் நீளத்துக்குக் குகைக்குள் தொங்கும் மரப்பாலம்! பலகை காலடியில் அதிர, கீழே இருட்டில் ஓடையின் சலசலப்பு மட்டும் கேட்கும். மறுமுனையில் சட்டென்று வெயில்; சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ்ந்த பச்சைப் பள்ளத்தாக்கு.

கடப்பிதழ் இல்லாமல் அயல்நாட்டுச் சந்தை, தெரியுமா?
காக்கி புக்கிட்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை வாங் கெலியானில் முடிகிறது. 2015 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்தவர்கள் கடப்பிதழ் இல்லாமலே எல்லைக்கு அப்பால் நடந்துபோய்ச் சந்தையில் சாமான் வாங்கித் திரும்பினார்கள்! இந்த எல்லை பிறந்த கதை: 1909-ல் பிரிட்டனும் இன்றைய தாய்லாந்தான சயாமும் உடன்படிக்கை செய்தபோது பெர்லிஸ் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. மலைக்கு அப்பால் இருக்கும் சாத்துன் சயாமிலேயே நின்றது. இந்த எல்லைக்கு ஒரு சோகமும் உண்டு: 2015 மே மாதம் இந்தக் காட்டில் ஆள்கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டெடுக்கப்பட்டன. இந்த மலையழகைப் பார்க்கும்போது அங்கே மாண்டவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில, ஒரே மூச்சில்!
மலேசியாவில் கட்டைவால் குரங்கு வாழ்வது பெர்லிஸ் காட்டில் மட்டும்தான். நாட்டில் பதிவான உச்ச வெப்பம் பக்கத்திலிருக்கும் சுப்பிங்கில்: 1998 ஏப்ரல் 9, 40.1 டிகிரி! அந்த வெயில் காலத்தில்தான் பெர்லிஸின் ஹருமானிஸ் மாம்பழமும் பழுக்கிறது.

கடைசியாக ஒன்று, தெரியுமா?
மலாயா ரயில் பாதையும் சயாம் ரயில் பாதையும் 1918-ல் பாடாங் பெசாரில் கைகோத்தன. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட நம் மக்களை, சரக்குப் பெட்டிகளில் அடைத்து இந்த வழியாகத்தான் கொண்டுபோனார்கள். சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்கு! 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது பல்லாயிரம் தமிழர்கள் காட்டிலேயே மடிந்திருந்தார்கள்.

ஊர் திரும்பப் பாடாங் பெசார் நடைமேடையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நம் கையில் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது. இந்த வழியாகப் போன நம் தாத்தாக்கள் பலருக்கு அது இல்லை.